தண்டவாளம் கற்றதும் படகு கல்லாததும்: ஒரே பேட்டரியில் பல கருவிகள்

1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி ஓடியது. மேலே தொங்கிய கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். அந்நிகழ்வைப் பற்றி எழுதுவோர் வண்டியைப் பற்றி எழுதுவார்கள்; மேற்கம்பியைப் பற்றியும் எழுதுவார்கள். மின்னோட்டம் எவ்வழியாகத் திரும்பிச் சென்றது என்பதை எழுதுவோர் அரிது. அது தண்டவாளத்தின் வழியாகத் திரும்பியது. வண்டியைத் தாங்குவதற்காக இடப்பட்ட இரும்பே மின்சுற்றின் மறுபாதியாகவும் ஆனது.

அதே தண்டவாளத்துக்கு மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு. ஒரு தடப்பகுதியில் வண்டி நிற்கிறதா இல்லையா என்பதை அறிய, அப்பகுதியின் இரு தண்டவாளங்களுக்கிடையே மிகச்சிறிய மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. மறுமுனையில் ஒரு ரிலே. வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிறது. இதற்குத் தடச்சுற்று என்று பெயர். நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் பாயும் இரும்பிலேயே இந்தச் சிற்றலையும் பாயவேண்டும். பெரிய மின்னோட்டம் தவறிப்போய் அந்த ரிலேயை உயிர்ப்பித்துவிட்டால், வண்டி நிற்கும் தடத்தைக் காலி என்று சிக்னல் சொல்லும். எனவே நேர்மின்னோட்டத்தில் வண்டி ஓடும் தடங்களில் தடச்சுற்று மாறுமின்னோட்டத்தில் அமைக்கப்பட்டது. 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் வண்டி ஓடும் தடங்களில் அது வேறுவகையில் அமைக்கப்பட்டது. மும்பைப் புறநகர்த் தடங்கள் நேர்மின்னோட்டத்திலிருந்து மாறுமின்னோட்டத்துக்கு மாறி, 2016-இல் துறைமுகத் தடத்தோடு அம்மாற்றம் நிறைவுற்றபோது, மேற்கம்பியோடு தடச்சுற்றுகளும் சிக்னல் ஏற்பாடுகளும் சேர்ந்தே மாறவேண்டியிருந்தது. ஒரே கடத்தியைப் பல பயன்கள் பகிர்ந்துகொண்டால் அவை ஒன்றையொன்று குழப்பும் என்பது தொடர்வண்டித் துறைக்கு நூறாண்டுப் பழைய பாடம். அப்பாடத்தைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் அங்கே ஒரு துறையும், கையேடும், பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் பொறியாளரும் உண்டு.

குர்லாவுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, செம்பூரைக் கடந்தால் மாகுல் கழிமுகமும் திராம்பே கோலிவாடாவும் வருகின்றன. குர்லா என்னும் பெயரே சதுப்பில் மலிந்திருந்த நண்டைக் குறிக்கும் ‘குர்லி’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். அங்கே கட்டப்பட்டிருக்கும் மீன்பிடிப் படகும் மின்னியல் நோக்கில் ஒரு சிறிய இருப்புப்பாதைதான். ஒரு பேட்டரி, அதிலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பும் கம்பிகள், அக்கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும் பல கருவிகள். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர், மின்னேற்றும் டைனமோ, வழிகாட்டும் ஜி.பி.எஸ்., மீன்கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். வயர்லெஸ், தளத்தில் எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறுபெட்டி, இப்போது செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர். வேறுபாடு ஒன்றே. இந்த இருப்புப்பாதைக்குச் சிக்னல் பொறியாளர் கிடையாது.

இப்படகின் கம்பியமைப்பு யாருடைய பொறுப்பு என்பது பொறியியல் கல்வி இதுவரை கேட்டுக்கொள்ளாத கேள்வி. கருவி விற்பவர் தம் கருவி இயங்குகிறதா என்று பார்ப்பார். எஞ்சின் மெக்கானிக் எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்ப்பார். படகு கட்டுபவர் மரத்தையும் ஃபைபரையும் பார்ப்பார். நடுவே இருக்கும் கம்பி, கடைசியாக வந்த கருவியைப் பொருத்தியவர் எந்த முனையில் இடம் கண்டாரோ அந்த முனையில் முறுக்கி ஒட்டப்படுகிறது. ஓராண்டில் ஐந்து கருவி வந்தால் ஐந்து முறுக்கு. இதைப் படகோட்டியின் அறியாமை என்று எழுதிவிட்டுக் கடப்பது கல்விப்புலத்துக்கு எளிது, நேர்மையன்று. ஏனெனில் இந்த அறிவு அவருக்குக் கிடைக்கக்கூடிய வடிவில் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. தமிழில் அறவே இல்லை எனலாம்.

கணக்கைப் பார்க்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மில்லிஓம். பேட்டரியிலிருந்து சுக்கான் அறைக்குப் பத்து மீட்டர் என்றால் போக்குவரத்து இருபது மீட்டர். மொத்தத் தடை 0.23 ஓம். 25 வாட் வயர்லெஸ் பேசும்போது சுமார் ஐந்தரை ஆம்பியர் இழுக்கும். இழப்பு 1.26 வோல்ட். பேட்டரி 12.4 வோல்ட்டில் இருந்தால் வயர்லெஸ்ஸுக்குச் சென்றடைவது 11.1 வோல்ட். இத்தகைய கருவிகள் பலவும் 13.8 வோல்ட்டுக்கு அங்குமிங்கும் 15 விழுக்காடு என்ற எல்லைக்குள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, கீழெல்லை 11.7. ஆக, கேட்டுக்கொண்டிருக்கும்வரை நன்றாக இருக்கும் வயர்லெஸ், பேசுவதற்கு விசையை அழுத்தியதும் தடுமாறும். எஞ்சின் ஓடி டைனமோ மின்னேற்றும்போது இக்குறை மறைந்துவிடும். எஞ்சின் நின்றபின், அதாவது உதவி கேட்கவேண்டிய நேரத்தில்தான், அது வெளிப்படும். துறைமுகத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது ஒருபோதும் படாது.

எதிர்முனைக் கம்பியை எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் பகிர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. வயர்லெஸ் இழுக்கும் மின்னோட்டம் அப்பொதுக்கம்பியில் ஏற்படுத்தும் மின்னழுத்த வீழ்ச்சி எக்கோ சவுண்டரின் அடிப்படை மட்டத்தையே அசைக்கிறது. மறுபுறம், எக்கோ சவுண்டர் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் ஒலித்துடிப்புகளை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சட்டென ஒரு மின்னோட்ட இழுப்பு நிகழ, அது வயர்லெஸ்ஸில் ‘டக், டக்’ என்று கேட்கிறது. இதற்குப் பொதுமின்தடை வழிப் பிணைப்பு என்று பெயர். மூன்றாமாண்டு மாணவர் எவரும் தேர்வில் இதற்கு விளக்கம் எழுதிவிடுவார். பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே கிடக்கும் அழுக்கேறிய அந்தக் கறுப்புக் கம்பிதான் அப்பிணைப்பு என்று அவருக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள்.

டைனமோவின் ஊளையும் இவ்வாறே கணக்குக்கு அடங்கியது. ஆறு இணைத்துருவங்கள் கொண்ட முக்கட்ட டைனமோவின் டையோடுகள் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை விடுகின்றன. அதன் அச்சு நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுழன்றால் 1,800 ஹெர்ட்ஸ்: மனிதச் செவி மிகத் தெளிவாகக் கேட்கும் பகுதி. எஞ்சினின் வேகம் ஏற ஏற ஊளையும் ஏறும். வயர்லெஸ்ஸில் இப்படியொரு ஊளை எஞ்சினோடு சேர்ந்து ஏறியிறங்கினால் காரணம் டைனமோ. எஞ்சின் வேகத்தோடு தொடர்பின்றி ஒரே சீராகத் துடித்தால் எக்கோ சவுண்டர். விளக்கைப் போட்டதும் தோன்றும் சீறல் என்றால் விளக்கின் மின்னோட்டச் சீராக்கி. நோயைக் காதால் கண்டறியும் இம்முறைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. படகில் இருப்பவருக்கு அந்தக் காது ஏற்கெனவே உண்டு. ஒலிகளுக்குப் பெயர் மட்டும் தரப்படவில்லை.

இதுவரை சொன்னவை கம்பிவழி வருபவை. விளக்கின் கதை வேறு. எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் சீராக்கி நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல லட்சம் முறை மின்னோட்டத்தை வெட்டிவெட்டி அனுப்புகிறது. அவ்வெட்டுகளின் கூர்மையால் எழும் மேலலைகள் நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் பரவும். கடல்சார் வயர்லெஸ்ஸின் அவசரத் தடமான 16-ஆம் தடம் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. கப்பல்களின் தானியங்கி அடையாள முறை 161.975, 162.025 ஆகியவற்றில் இருக்கிறது. விளக்குக்குச் செல்லும் நீண்ட கம்பியே ஆன்டெனாவாகிவிட, இரைச்சல் காற்றின் வழியே வயர்லெஸ் ஆன்டெனாவை அடைகிறது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை இதைப் பற்றியே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸையும் அடையாள முறையையும் செவிடாக்குகின்றன என்பது அதன் சாரம்.

செவிடாக்குதல் என்பது இங்கு உவமையன்று. வயர்லெஸ்ஸில் ஸ்குவெல்ச் என்றொரு குமிழ் உண்டு. குறிப்பிட்ட வலிமைக்குக் குறைந்த அலை வந்தால் ஒலிபெருக்கியை அடைத்துவைப்பது அதன் வேலை. இரைச்சல் கூடினால் இரவெல்லாம் சீறலைக் கேட்டுக்கொண்டு யாராலும் உறங்க இயலாது. குமிழைத் திருப்பிச் சீறலை அடக்குவார்கள். சீறல் அடங்கும். அதனினும் மெலிதாக, தொலைவிலிருந்து வரும் குரலும் சேர்ந்து அடங்கும். தடையற்ற வெளியில் இரைச்சல் மட்டம் 6 டெசிபெல் உயர்ந்தால் கேட்கும் தொலைவு பாதியாகிறது. கடல்மட்டத்தை ஒட்டி, அடிவானத்துக்கு அருகில் அலை மெலியும் விகிதம் வேறு என்பதால் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. தொலைவு குறையும் என்பது மட்டும் மாறாது. குமிழைத் திருப்பியவர் தவறு செய்தவரல்லர். தம் படகின் விளக்கு தம் காதை மூடுகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. கருவியில் விளக்கு எரிகிறது, எண் ஒளிர்கிறது, அமைதியாக இருக்கிறது. அமைதியாக இருக்கும் வயர்லெஸ் நன்றாக இருக்கும் வயர்லெஸ் என்றே எவரும் கொள்வர்.

ஒரு படகின் பிழை அப்படகோடு நிற்பதுமில்லை. 2001-இல் கலிஃபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். கருவிகள் செயலிழந்தன. மான்டரேயிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தேடிப்போய்க் கண்டது எதிரியின் சதியன்று. படகுகளில் பொருத்தப்பட்டிருந்த சாதாரணத் தொலைக்காட்சி ஆன்டெனாக்களின் பெருக்கிகள். அவை தறிகெட்டு அலைந்து 1,575 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அலைகளை உமிழ்ந்துகொண்டிருந்தன. கடையில் வாங்கிய ஒரு பெருக்கி ஒரு துறைமுகத்தையே குருடாக்க இயலும் என்றால், படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சசூன் டாக்கிலோ தூத்துக்குடியிலோ இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது ஆய்வாளர் கடமை. மும்பையில் அதற்கு ஆள்வளம் குறைவில்லை. பொவாய் ஐ.ஐ.டி. வளாகத்தில் சமீர் நிறுவனம் இருக்கிறது. அதன் சென்னை மையம் மின்காந்த இயைபுச் சோதனைக்கே பெயர்பெற்றது. வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். மாட்டுங்காவில் 1887-இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் இன்றைய வடிவம். இவற்றிடையே இருப்பது சில நிறுத்தங்கள் தொலைவுதான். மீன்வளம் படிப்பவர் வலையையும் மீன்வளத்தின் அளவையும் படிக்கிறார். மின்னணுவியல் படிப்பவர் சில்லையும் அலைக்கதிர்வீச்சற்ற அறையையும் படிக்கிறார். படகின் கம்பி இருவர் பாடத்திட்டத்துக்கும் வெளியே, சேற்றில் கிடக்கிறது.

இங்கே அரசுக் கொள்கையைத் தொடாமல் செல்ல இயலாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்து மீனவரைக் கடலில் சிக்கவைத்தபோது, பல நாள் பயணமாக ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையின் வி.எச்.எஃப். அத்தொலைவுக்கு எட்டாது. புயலில் தப்பிய படகுகள் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை வந்து கரைசேர்ந்தன. அத்துயரைக் கம்பியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. அங்கே தோற்றது தொலைவும் காலமும். ஆனால் அதற்குப்பின் வந்த தீர்வுகள் அனைத்தும் ஒரே வடிவில் வந்தன: புதிய கருவி. 2019-இல் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ஜெமினி. 2024 ஆகஸ்ட் 30-இல் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தின்படி, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்கள் 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு. இவை வரவேற்கத்தக்கவை; இருவழிச் செய்தித் தொடர்பு உயிர்காக்கும் என்பதில் ஐயமில்லை. கேள்வி வேறு. ஒரு லட்சம் என்பது பொருத்தப்படும் கருவிகளின் எண்ணிக்கை. எஞ்சின் நின்ற இரவில், ஸ்டார்ட்டரை மூன்றாம் முறை சுழற்றிப் பேட்டரி பத்து வோல்ட்டுக்கு வீழும்போது, மறுபடி மறுபடி அணைந்து எழாமல் இயங்கிக்கொண்டிருக்கும் கருவிகளின் எண்ணிக்கை வேறு. முதலாவதை எண்ணுவது எளிது என்பதால் அதுவே சாதனையாகிறது.

ஒவ்வொரு கருவிக்கும் தரச்சான்று இருக்கிறதே என்று கேட்கப்படலாம். உண்மைதான். கடல்சார் வழிகாட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60945 என்னும் தரநிலை, வி.எச்.எஃப். பட்டையில் ஒரு கருவி எவ்வளவு உமிழலாம் என்பதற்கு மற்றப் பட்டைகளைவிட இறுக்கமான வரம்பு வைத்திருக்கிறது. அத்தரநிலையை வகுத்தவர்களுக்கு 16-ஆம் தடத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது. ஆனால் அது கருவியைச் சோதனைமேசையில் வைத்து அளக்கும் தரநிலை, படகை அளப்பதன்று. லாரிக்காக விற்கப்படும் எல்.இ.டி. விளக்கு அதன் வாசலையே மிதித்திராது. ஒப்பிட்டுப் பார்க்க மீண்டும் குர்லாவுக்கே வரலாம். பல பத்தாண்டுகள் பிரீமியர் பத்மினி கார்கள் உருவானது அங்குள்ள தொழிற்சாலையில்தான். காரும் ஒரே பேட்டரியில் பல கருவிகளை ஏற்றியோடும் வண்டி. இன்று இந்தியாவில் ஒரு கார் விற்பனைக்கு வரவேண்டுமானால் வாகனத் தொழில் தரநிலை 004-இன்படி முழுவண்டியாகவே மின்காந்த இயைபுக்குச் சோதிக்கப்படுகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு முழுமையில் ஒருவர் பொறுப்பேற்கிறார். கரையிலிருந்து நூறு கடல்மைலுக்கு அப்பால் செல்லும் படகுக்கு உதிரி உதிரியாகச் சான்று, மொத்தத்துக்கு ஒருவருமில்லை. இம்முரணை மீன்வளத் துறையின் கோப்பில் எழுப்புவதற்கு ஆய்வேடு தேவையில்லை; ஒரு பக்கக் கடிதம் போதும்.

எதிர்வாதங்களில் வலுவானது செலவு. மாதத் தவணையும் டீசல் விலையுமாகத் திணறும் படகு உரிமையாளரிடம் புதிய கம்பி, வடிகட்டி, இரண்டாம் பேட்டரி என்று பட்டியல் நீட்டுவது எளிதன்று. ஆனால் இச்சிக்கலில் விலையுயர்ந்த தீர்வுகள் பெரும்பாலும் தவறான தீர்வுகளாகவும் இருக்கின்றன என்பது ஒரு வேடிக்கை. இரைச்சல் என்றதும் கடையில் ஒரு கண்டென்சரை வாங்கிக் கம்பியின் குறுக்கே இணைப்பது வழக்கம். டைனமோவின் 1,800 ஹெர்ட்ஸ் ஊளைக்கு அது ஓரளவு உதவும். 160 மெகாஹெர்ட்ஸில் அக்கண்டென்சரின் ஐந்து சென்டிமீட்டர்க் கால்கள் மட்டுமே ஏறத்தாழ 50 நானோஹென்றி. அவற்றின் மறிப்பு 50 ஓம். இரைச்சலைக் குறுக்குச்சுற்றாக்கி விழுங்கவேண்டிய பொருள் அங்கே வெறும் காட்சிப்பொருள். இரண்டாம் பேட்டரியும் அப்படியே. ஸ்டார்ட்டரால் நேரும் வீழ்ச்சியிலிருந்து அது கருவிகளைக் காக்கும். அதற்காக அது தேவைதான். விளக்கிலிருந்து காற்றில் வரும் இரைச்சலை அது தொடாது.

உண்மையில் செய்யவேண்டியவை மலிவானவை. வயர்லெஸ்ஸுக்கென்று பேட்டரி முனையிலிருந்தே நேராக ஒரு கம்பியிணை, பேட்டரியருகே தனி ஃபியூஸுடன். எதிர்முனையையும் தனியாக, வேறெந்தக் கருவியோடும் பகிராமல். கம்பி 4 சதுர மில்லிமீட்டராக இருந்தால் முன்சொன்ன 1.26 வோல்ட் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும், திசைகாட்டிக்கும் நல்லது. ஆன்டெனாக் கம்பியை விளக்குக் கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தக்கூடாது. உப்பேறிப் பச்சைபிடித்த முனைகளைச் சுரண்டி, தகரப்பூச்சுள்ள செம்பும் அழுத்திப் பிணைக்கும் முனையும் இடவேண்டும். முறுக்கி நாடா ஒட்டிய மூட்டு ஒரு பருவம் தாங்காது. செம்பென்று சொல்லி விற்கப்படும் செம்புபூசிய அலுமினியக் கம்பி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. கடல்நீரில் அது என்னவாகும் என்பதைத் தனியே எழுதவேண்டும்.

விளக்கின் இரைச்சலுக்கு ஃபெரைட் வளையம். விளக்குக்குச் செல்லும் இரு கம்பிகளையும் சேர்த்து, விளக்கின் அருகிலேயே, வளையத்துக்குள் இரண்டு மூன்று சுற்று செலுத்தவேண்டும். ஒரு கம்பியை மட்டும் செலுத்தினால் விளக்கின் நேர்மின்னோட்டமே ஃபெரைட்டை நிறைவுறச் செய்து பயனற்றதாக்கிவிடும். இதற்குக் குர்லாவே ஒரு சுரங்கம். குர்லா, சாகிநாக்கா பகுதிகளின் பழைய பொருள் கிடங்குகளில் மலைமலையாகக் கிடக்கும் பழைய கணினித் திரைகளின் கம்பிகளில் முனையருகே ஒரு புடைப்பு இருக்கும். பலரும் அழகுக்கென்று நினைக்கும் அந்தப் புடைப்பு ஃபெரைட் வளையம்தான். கணினியின் இரைச்சல் காற்றில் கசியாமலிருக்க வைக்கப்பட்டது. அதன் பணிப்பட்டை பெரும்பாலும் இங்கே தேவைப்படும் பட்டையே. செம்புக்காகக் கம்பி உரிக்கப்படும்போது ஃபெரைட் உடைந்து குப்பையாகிறது. தாராவியிலும் குர்லாவிலும் கழிபொருளிலிருந்து பயன்பொருளைப் பிரித்தெடுப்பதில் உள்ள கைத்திறனை ஆய்வேடுகள் பல பாராட்டியிருக்கின்றன. அக்கைத்திறன் சில கிலோமீட்டரில் உள்ள மாகுல் படகுக்கு எதைத் தரக்கூடும் என்று கேட்ட ஆய்வேடு இருந்தால் நல்லது.

ஃபெரைட் எல்லா விளக்கையும் குணப்படுத்திவிடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். சில விளக்குகளின் சீராக்கி அவ்வளவு மட்டமானது. அவற்றைக் கழற்றி எறிவதே வழி. எது எறியவேண்டியது என்று அறிவது எப்படி? அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் அந்த எச்சரிக்கையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டு வயர்லெஸ்ஸை யாரும் பேசாத தடத்தில் வைத்து, ஸ்குவெல்ச் குமிழைச் சீறல் கேட்கும்வரை தளர்த்தி, பிறகு சீறல் நின்றதும் அதற்குச் சற்றே மேலாக நிறுத்தவேண்டும். இப்போது விளக்கைப் போட்டால் சீறல் திரும்பினால், அவ்விளக்கு இரைச்சல் மட்டத்தை உயர்த்துகிறது. அவ்வளவுதான். இதை ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம். இரைச்சல் கம்பிவழி வருகிறதா காற்றுவழி வருகிறதா என்றறிய, வயர்லெஸ்ஸை மட்டும் படகின் பேட்டரியிலிருந்து பிரித்து ஒரு சிறு தனிப்பேட்டரியில் இணைத்துப் பார்க்கவேண்டும். இரைச்சல் போய்விட்டால் குற்றம் கம்பியில். போகாவிட்டால் காற்றில், அதாவது ஆன்டெனாவின் இடத்திலும் விளக்கிலும். ஒரு படகுக்கு அரைமணி நேரம் ஆகும்.

இதற்கான காலமும் நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கின்றன. வலை பின்னுவதும் அடிப்பலகைக்கு வண்ணம் பூசுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் அப்போதுதான். பொறியியல் மாணவரின் கோடைப் பயிற்சியும் அதே காலத்தில் வருகிறது. செம்பூரிலும் குர்லாவிலும் மாட்டுங்காவிலும் மின்னணுவியல் படிக்கும் தமிழ் மாணவர்களில் சிலருடைய பாட்டன்மார் நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கரைகளிலிருந்து வந்தவர்கள். ஒரு மல்டிமீட்டரும், சிறு பேட்டரியும், பையில் பத்து ஃபெரைட் வளையமும் இருந்தால் பயிற்சிக்குப் போதும். ஒவ்வொரு படகிலும் எந்த விளக்கு எவ்வளவு சீறியது, பேசும்போது வயர்லெஸ் முனையில் எத்தனை வோல்ட் நின்றது என்று ஒரு தாளில் குறித்துவந்தால், இரண்டு பருவத்தில் இந்தியாவில் இதுவரை இல்லாத ஒரு தரவுத்தொகுதி உருவாகும். அத்தாளின் ஒரு படி படகின் சுக்கான் அறையில் ஒட்டப்படவேண்டும், அந்தப் படகோட்டி படிக்கும் மொழியில்.

ஆராய்ச்சி மதிப்பு இதில் என்ன என்று துறைக்கூட்டத்தில் ஒருவர் கேட்பார். புதிய கோட்பாடு ஏதுமில்லை என்பது சரியே. உப்பும் ஈரமும் ஏறிய மரப்படகில் தரைத்தளம் என்று ஒன்று இல்லாதபோது பொதுநிலை மின்னோட்டம் எவ்வழியில் ஓடுகிறது, எஞ்சின் வழியாகவா, தண்டு வழியாகக் கடலுக்குள்ளா, ஆன்டெனாக் கம்பியின் உறை வழியாகவா என்பதற்கு இரும்புக் கப்பல்களுக்காக எழுதப்பட்ட பாடநூல்கள் நேரான விடை தருவதில்லை. அதை அளந்துபார்க்க மாகுல் கழிமுகத்தில் ஓதம் வற்றிய நேரத்தில் ஒரு படகும், ஒரு நாளும், மின்னோட்டம் அளக்கும் ஒரு கவ்வியும் வேண்டும்.